காணாமல் போன 1.6 வோல்ட்

ரொம்ப நாளாக எழுத நினைத்த பதிவு இது. காலாண்டு முடிவு, அப்புறம் ஆடிட், அப்புறம் இன்னொரு காலாண்டு முடிவு என்று ஆபீஸில் ஆணி குறையவே இல்லை. இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. விஷயம் வேறொன்றும் இல்லை, நம்ம கார்தான். 1998 மாடல் மாருதி 800.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடியேன் பி.காம். படித்து வங்கிக்குள் நுழைந்த ஆள். டெபிட், கிரெடிட் தெரியும். வோல்ட், ஆம்பியர் எல்லாம் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு கைகழுவியாச்சு. அதனால் மெக்கானிக் எழுதும் பதிவு என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக பானெட்டுக்குள் தலையை விட்டவனின் கதை இது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கோவில்பட்டியில் அப்பாவுக்கு மோட்டார் வயிண்டிங் கடை. சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எரிந்து போனால் மாட்டு வண்டியிலும் டிவிஎஸ் 50-லும் வந்து இறங்கும். அப்பா செம்புக் கம்பியை உருவி, திரும்பச் சுற்றி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பார். என்னை மட்டும் கடைக்குள் விடமாட்டார். "உன் கை பேனா பிடிக்கிற கை. இதுல கிரீஸ் படக்கூடாது" என்பார். சாப்பாட்டுத் தூக்குவாளியை வாசலிலேயே வைத்துவிட்டு நான் திரும்பணும்.

நான் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா இந்தக் காரை வாங்கினார். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நிற்கும்வரை நம்ம நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் அதுதானே. 796 சிசி, மூன்று சிலிண்டர். எங்களுடையது கார்புரேட்டர் வண்டி. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. ஏசியும் கிடையாது. (இந்த ஒரு வரிக்காகத் தங்கமணி இன்றைக்கும் பெருமூச்சு விடுவார்.)

2022-இல் எனக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் வாய்க்குப் பழக்கம் போகவில்லை. வண்டியை விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. அப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஓட்டுவதை நிறுத்திவிட்ட அவர், சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் விற்க மனசு வருமா? சென்னையில் கப்பல் ஏற்றி, ஹேடோ துறைமுகத்தில் இறக்கிவிட்டேன்.

இந்த ஊரில் கார் வைத்திருப்பதில் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் வர மூன்று நாள். பழைய வண்டிக்கு ஒரு சின்ன சாமான் வேண்டும் என்றாலும், "மெயின்லேண்ட்ல இருந்து வரணும் சார்" என்பார்கள். வருஷத்துக்கு சுமார் 3,000 மி.மீ. மழை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் வந்து கொட்டிவிட்டுப் போகும். மழை இல்லாத நாளில் உப்புக் காற்று.

இன்னொன்று, வந்து பார்த்தால்தான் புரியும். கடிகாரம் நம்ம இந்திய நேரத்தில் ஓடினாலும் சூரியன் அதன்படி நடக்காது. ஊர் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூலையிலும் ஆறு மணிக்கு முன்பே அஸ்தமனம். கணக்கை முடித்து நான் வீட்டுக்குக் கிளம்பும் ஏழு மணிக்குக் கும்மிருட்டு. ஆக தினமும் ஹெட்லைட், பாதி நாள் வைப்பர், அதோடு கராச்சர்மாவிலிருந்து ஊருக்குள் வந்து போகும் குட்டிப் பயணம். பேட்டரிக்குச் செலவு அதிகம், வரவு குறைவு. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

2024 தீபாவளிக்குப் பிறகு வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றும். இரவில் வண்டி நிற்கும்போது ஹெட்லைட் மங்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பளிச்சென்று வரும். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் ஐடிலிங்கில் எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கும். சில சமயம் அப்படியே நின்றுவிடும். டேஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு, மின்மினிப் பூச்சி மாதிரி எரிந்தும் எரியாமலும் இருக்கும். பல்பு பழசு, லீக் அடிக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பையன் செல்ஃபை ஒரு அடி அடித்துவிட்டு, "பேட்டரி டவுன் ஹை சார்" என்றான். மாற்றினேன். 4,800 ரூபாய். மூன்று மாதம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

அடுத்து, "ஐடிலிங் கம்மியா இருக்கு" என்று ஸ்குரூவைத் திருகி ஏற்றி வைத்தார்கள். வண்டி நிற்பது குறைந்தது, ஆனால் எஞ்சின் உறுமியது, பெட்ரோல் குடித்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். கிட் கப்பலில் வந்து சேர இரண்டு வாரம். 2,600 ரூபாய். அப்புறம் ஆல்டர்னேட்டருக்குக் கார்பன் பிரஷ், அதற்கு ஒரு 1,900. பிரஷ் போட்டவர் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டினார். எஞ்சின் நிற்கவில்லை. "பார்த்தீங்களா, ஆல்டர்னேட்டர் சூப்பர்" என்றார். நானும் தலையாட்டினேன். ஆக மொத்தம் 9,300 ரூபாய். நோய் அப்படியே இருந்தது.

2025 ஜூலையில் ஒரு ராத்திரி. ஒன்பது மணி இருக்கும். பேய் மழை. எங்கள் பையனுக்கு ஒன்பது வயது, மழைக்காலத்தில் வீசிங் வரும். அன்றைக்கு வீட்டில் வைத்திருந்த மருந்துக்கு அடங்கவில்லை. மூச்சு விடும்போது தொண்டைக்குழி உள்ளே போய் வந்ததைப் பார்த்ததும் தங்கமணி அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். கிளம்பினோம்.

வழியில் ஒரு மரக்கிளை விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றன. ஏற்றம். ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் படியும் ஆவிக்கு புளோயர், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பத்துப் பதினைந்து நிமிஷம் அப்படியே நின்றோம். ரேடியேட்டர் ஃபேனும் ஓட ஆரம்பித்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது. சாவியைத் திருப்பினால் டக், டக், டக். அவ்வளவுதான். ஹெட்லைட் அகல்விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது.

பின்சீட்டில் பையனின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மழையில் இறங்கி ஓடி, முன்னால் நின்ற ஆட்டோக்காரரிடம் ஹிந்தியிலும் தமிழிலும் கலந்து கட்டி என்னமோ சொன்னேன். அவர் இருந்த சவாரியை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். இறங்கிய பெரியவரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடையைப் பிரித்துக்கொண்டு நடந்தார். அவர்கள் இரண்டு பேரையும் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் பையன் "அப்பா, பசிக்குது" என்றான்.

தங்கமணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எட்டு மாதமாக அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததை இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். பல்பு பழசு என்று சொன்னது நான்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு போன். 78 வயது, காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். பேரன் நலம் விசாரித்து முடித்த பிறகு, "சரி, வண்டியச் சொல்லு" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். 9,300 ரூபாயையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லைட்டு மங்கி எஞ்சின் நின்னுச்சா, எஞ்சின் தடுமாறி லைட்டு மங்குச்சா?"

"ரெண்டும் ஒண்ணாத்தாம்ப்பா."

"ஒண்ணா நடக்காதுய்யா. ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன. மோட்டாரு எரிஞ்சு வந்தா எல்லாப் பயலும் வயிண்டிங் போச்சுன்னுதான் சொல்லுவான். வயிண்டிங் எதனால போச்சுன்னு கேக்க மாட்டான். திரும்பச் சுத்திக் குடுத்தா, மூணு மாசத்துல திரும்ப எரிச்சுட்டு வருவான். கொறஞ்ச வோல்டேஜுல ஓட்டிருப்பான்."

நான் விழித்தேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த தங்கமணி, "முதல்ல வைப்பர்தான் மெதுவாச்சு மாமா. அப்புறம் லைட்டு மங்குச்சு. எஞ்சின் கடைசியிலதான்" என்றார் சத்தமாக.

"மருமகளுக்குக் கண்ணு இருக்கு" என்றார் அப்பா.

அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் முதலில் தடுமாறியிருந்தால் கார்புரேட்டர், அடைத்த ஜெட், எங்காவது காற்றுக் கசிவு என்று தேடணும். மின்சாரம் முதலில் தளர்ந்திருந்தால், கார்புரேட்டரை எத்தனை தடவை கழற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

இரண்டும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று அப்பா சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஆல்டர்னேட்டர்தான் சம்பளம். (பழைய ஆட்கள் வாயில் அது இன்னும் டைனமோதான்.) பேட்டரி, சேமிப்புக் கணக்கு. வண்டி ஓடும்போது வீட்டுச் செலவைச் சம்பளம் பார்த்துக்கொண்டு, மிச்சத்தைச் சேமிப்பில் போட வேண்டும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட், 12-ஆல் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். வைப்பர், புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் 20 ஆம்பியரைத் தொட்டுவிடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றும், முழுச் சம்பளம் வராது. பற்றாக்குறையைச் சேமிப்பிலிருந்து எடுப்பார்கள். சேமிப்பு கரையக் கரைய வோல்டேஜ் இறங்கும். இக்னிஷன் காயிலுக்குப் போதாமல் ஸ்பார்க் பலவீனமாகும். கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் சின்ன சாலினாய்டு வால்வும் மின்சாரத்தில்தான் திறந்து நிற்கிறது, அதற்கும் போதாது. எஞ்சின் இன்னும் மெதுவாகும். அப்போது சம்பளம் இன்னும் குறையும்.

வங்கியில் இதைக் கடன் பொறி என்போம். நான் செய்தது என்ன? வருமானம் வராத கணக்குக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கை உயிரோடு காட்டினேன். எங்கள் பாஷையில் எவர்கிரீனிங். மூன்று மாதம் ஓடிய அந்தப் புதுப் பேட்டரி அதுதான். 90 நாள் தவணை வராவிட்டால் வாராக் கடன் என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவன், என் வாசலில் நிற்கும் கணக்கை எட்டு மாதம் கவனிக்கவில்லை.

"மீட்டர் ஒண்ணு வாங்கு" என்றார் அப்பா. அபர்தீன் பஜாரில் டிஜிட்டல் மல்டிமீட்டர் 350 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஜம்பர் கேபிளால் வண்டியை ஸ்டார்ட் செய்து, அரை மணி ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினேன். மறுநாள் லீவு போட்டேன். தங்கமணி வீடியோ காலில் அப்பாவைப் பிடித்துக்கொள்ள, நான் சட்டைக் கையை மடித்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். "பெல்ட்டுல துணி மாட்டிரும், எட்டி நில்லு" என்று அப்பா போனிலிருந்து கத்தினார்.

முதலில், எஞ்சின் ஓடாமல் பேட்டரி முனைகளில் 12.1. நிறைந்த பேட்டரி 12.6 காட்டணும். 12.1 என்றால் பாதிக்கும் கீழே.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் 12.3. ஒழுங்கான வண்டியில் 13.8-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடம்.

"ஆல்டர்னேட்டர் போச்சாப்பா?"

"அவசரப்படாத. அதோட முதுகுல தடியா ஒரு போல்ட் இருக்கும். செவப்பு முள்ள அதுல வை, கறுப்ப அதோட உடம்புல வை."

வைத்தேன். 14.1.

"மாட்டிக்கிச்சு" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கும் இப்போது பிடிபட்டது. சம்பளம் 14.1 போட்டிருக்கிறார்கள், கணக்கில் வரவானது 12.3. நடுவில் 1.8 காணோம். இது நம்ம ஏரியா! இரண்டு புத்தகம் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வோம்? வழியில் உள்ள ஒவ்வொரு பதிவாகப் பார்ப்போம்.

எஞ்சின் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு அளந்தேன். 0.2. பரவாயில்லை. ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸுக்கு அளந்தேன். 1.6.

12.3-ம் 0.2-ம் 1.6-ம் கூட்டினால் 14.1. பைசா சுத்தமாக டேலி ஆனது! ராத்திரி எட்டு மணிக்கு கேஷ் டேலி ஆகும்போது வரும் நிம்மதி அந்தச் சேற்று வாசலில் வந்தது.

அப்போதுதான் அப்பா இன்னொன்றும் சொன்னார். அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு முனை பேட்டரி பக்கம், மறுமுனை ஆல்டர்னேட்டர் பக்கம். இரண்டு பக்கமும் வோல்டேஜ் ஒன்றாக இருந்தால் விளக்கு எரியாது. வித்தியாசம் இருந்தால் அந்த அளவுக்கு மினுக்கும். எட்டு மாதமாக என் கண்ணெதிரே அது "கணக்கு உதைக்கிறது, கணக்கு உதைக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்கு படித்தவன் அதைப் பல்பு கோளாறு என்று தள்ளிவிட்டேன்.

இதற்குமேல் கை வைக்க எனக்கு தைரியம் இல்லை. ஜங்லிகாட் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். 1964 ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களில் ஒரு பகுதியை எழுபதுகளில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள் இல்லையா, அதில் ஒன்று. இவர் பிறந்தது கச்சாலில். 2004 சுனாமி அந்தத் தீவைச் சூறையாடிய பிறகு இங்கே வந்து இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்.

என் சீட்டைக் காட்டினேன். நான்கு எண்களையும் வரிசையாக எழுதியிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "யார் சார் இதை அளந்தது?"

"நான்தாண்ணே. எங்கப்பா சொல்லச் சொல்ல."

ஒரு தடித்த வயரை எடுத்தார். ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸுக்கும் நேராக, வேறெதிலும் படாமல் பாலம் போட்டார். பட்டப்பகலிலும் தெரிந்தது, எதிர்ச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் பளிச்சென்று ஏறியது. பேட்டரி முனையில் 13.8. டேஷ்போர்டில் மின்மினி அணைந்தது. (இந்தப் பாலம் போடும் வேலையை நாம் செய்யக்கூடாது. வயர் முனை பாடியில் பட்டால் வெல்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும்.)

அப்புறம் வயரைத் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூசிபிள் லிங்க் இணைகிற இடத்தில் விரல் நின்றது. "தொட்டுப் பாருங்க சார்." சுட்டது. மேல் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி பழுத்திருந்தது. பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. செம்பில் களிம்பு என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது வண்டியைப் படுக்கவைக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். உப்புக் காற்று பார்த்த வேலை.

1.6 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 32 வாட். அப்பா கடையில் இருந்த சோல்டரிங் அயர்ன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைப் பற்றவைத்து, பானெட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, பின்சீட்டில் பிள்ளையை உட்காரவைத்து ஊர் சுற்றியிருக்கிறேன். வண்டி நின்றதோடு போயிற்றே என்று அப்போதுதான் உடம்பு சிலிர்த்தது.

அண்ணன் அந்த லிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே அளவில் புதுசு போட்டார். வயர் முனையை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது லக் வைத்து அழுத்தி, ஈயம் பற்றவைத்தார். மற்ற டெர்மினல்களையும் உப்புத்தாளால் தேய்த்தார். (உப்பை எடுக்க உப்புத்தாள்!) மேலே வாசலின் பூசினார். கடைசியாக, ஏற்றி வைத்திருந்த ஐடிலிங் ஸ்குரூவை இறக்கி, மீட்டர் வைத்து 900 சுற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்காரர்கள் ஏமாற்றிவிட்டார்களோ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என் பக்கம்தான் அதிகம். "பேட்டரி மாத்தணுமா? மாத்துங்க" என்று சொன்னது நான். பேலன்ஸ் ஷீட் பார்க்காமல் ஐம்பதாயிரம் கடன் கூடக் கொடுக்கமாட்டேன். ஒரு எண்ணைக் கூடக் கேட்காமல் 9,300 ரூபாய் சாங்ஷன் செய்திருக்கிறேன்.

ஊரை விட்டு வந்து பழைய வண்டி வைத்துக்கொண்டிருக்கும் நம்ம மக்களுக்காக, நான் கற்றுக்கொண்ட நாலு விஷயம்:

ஒன்று, 350 ரூபாய் மீட்டரை வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.6, எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள். இந்த இரண்டு எண் மனப்பாடமாக இருந்தால் போதும். பழைய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். புது வண்டிகளில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அது வேறு கதை.

இரண்டு, சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கு எரியணும், எஞ்சின் ஓடியதும் முழுசாக அணையணும். எரியவே இல்லை என்றாலும் கோளாறு, லேசாக மினுக்கினாலும் கோளாறு.

மூன்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலை யாரையும் கழற்றவிடாதீர்கள். அது டைனமோ காலத்து வித்தை. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி உள்ளே இருக்கும் டயோடு போய்விடும். என்னுடையது தப்பியது அதிர்ஷ்டம்.

நான்கு, பேட்டரி வாங்குவதற்கு முன் வயர் முனைகளைப் பாருங்கள். கனடா பக்கம் இருப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, எங்களுக்குக் கடல் உப்பு. செய்கிற வேலை ஒன்றுதான். வளைகுடாவில் உப்போடு வெயிலும் சேர்ந்து பேட்டரியின் ஆயுளைத் தின்னும்.

போன மாதம் பாராடாங் போய் வந்தோம். ஜிர்காடாங் செக்போஸ்டில் வரிசையில் நின்று, கான்வாயில் ஜாரவா காட்டுக்குள் போக வேண்டும். உள்ளே எங்கும் வண்டியை நிறுத்தக்கூடாது. பழைய நிலைமையில் போயிருந்தால் பாதி வழியில் என்ன ஆகியிருக்கும் என்று தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். டேஷ்போர்டைக் காட்டினேன். சிவப்பு விளக்கு சுத்தமாக அணைந்திருந்தது.

வண்டி சரியான அன்று சாயங்காலமே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். 13.8 என்று மீட்டரைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மீட்டரத் தள்ளு, கையக் காட்டு" என்றார்.

காட்டினேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அண்ணனோடு சேர்ந்து நானும் டெர்மினல் தேய்த்திருந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சோப்புல போகாது. மண்ணெண்ணெய்த் துணி வச்சுத் தொட, அப்புறம் சீயக்கா போடு" என்றார். கடையைப் பூட்டிவிட்டு வந்து, கொல்லைப்புறத்தில் அவர் தினமும் அப்படித்தான் கை கழுவுவார்.

டிஸ்கி: மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள் :-)